அணுகும் முறை

ஒரு பொருளை ஆராய்கிற விதத்துக்கு 'அணுகுமுறை' என்று பெயர் சூட்டிய புண்ணியவான் யாராயிருந்தாலும், அவர் தம் ஆயுளில் ஒரு நாளாவது, கையில் காமிராவுடன், முழங்கால் சேற்றில், ஒரு கொக்கை நோக்கி அடிமேல் அடி வைத்து நடந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மற்ற சாஸ்திரங்களில் அணுகுவது என்பது உபசாரத்துக்குச் சொல்லும் வார்த்தை. பொருளாதார நிபுணர் எவரும் வறுமையை நோக்கி எழுந்து நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பட்சிகளைப் படம் பிடிக்கிறவனுக்கோ அந்த ஒரு வார்த்தையில் முழு வித்தையும் அடங்கிவிடுகிறது: எப்படிக் கிட்டப் போவது? காமிரா, லென்ஸ், முக்காலி என்று கடைகளில் விற்கிற சகல உபகரணங்களும் இந்தக் கேள்விக்குப் பதிலாகவோ, இதிலிருந்து தப்பித்துக்கொள்ளும் உபாயமாகவோ ஏற்பட்டவையே.

நான் பிறந்து வளர்ந்தது பீடோங்குக்கு அருகில், எந்த வாசலில் நின்றாலும் ஜெராய் மலை தெரிகிற ஒரு ரப்பர் தோட்டத்தில். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலையை அடையாளமாகக் கொண்டுதான் பழங்காலத்து மாலுமிகள் கடாரத்துக்குக் கப்பல் செலுத்தினார்கள். தோட்டத்துக் கிராணியாயிருந்த என் தகப்பனார், தாம் வாங்கிய யாஷிகா காமிராவைச் சோதிக்க முதன்முதலில் எடுத்த படமும் அந்த மலையைத்தான். அது நகராது என்பது அதன் விசேஷம். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கண்கள் படைத்த அந்தப் பெட்டியில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். தீபாவளியும் கோயில் திருவிழாவும் பத்தைத் தின்றுவிட, எஞ்சிய இரண்டை என் பன்னிரண்டாம் வயதில் எனக்குத் தானம் செய்தார். அல்லூர் ஓரத்துக் கம்பியில் தினந்தோறும் வந்து உட்காரும் மீன்கொத்தியை மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். சுங்கைப்பட்டாணியில் கழுவி வந்த படத்தில் வானம் இருந்தது, கித்தா மரங்கள் இருந்தன, அல்லூர் இருந்தது, கம்பியும் இருந்தது. கம்பியின்மேல் ஒரு புள்ளி இருந்தது. "இது என்னடா?" என்றார் அப்பா. "மீன்கொத்தி" என்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கழுவுறப்போ தூசி விழுந்திருக்கும்பா" என்று என்னைத் தேற்றினாள்.

அந்தப் புள்ளியைப் பெரிதாக்குவதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டென்று பிற்காலத்தில் படித்து அறிந்தேன். ஒன்று லோக் வான் தோ மார்க்கம். 1915-இல் கோலாலம்பூரில் பிறந்து, கேத்தே சினிமா ஸ்தாபனத்தை நடத்திய இந்தச் சீனத் தனவந்தர், 1942-இல் ஜப்பானியருக்குத் தப்பி ஏறிய கப்பல் மூழ்கித் தீக்காயங்களோடு கரை சேர்ந்து, பிறகு இந்தியாவில் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் சிநேகத்தால் பட்சிப் பித்து முற்றப் பெற்றவர். கூட்டுக்கு எதிரே பரண் கட்டி, மறைப்புப் போட்டு, பறவை அதற்குப் பழகும்வரை காத்திருப்பது அவர் முறை. கூடு மரத்தின் உச்சியிலிருந்தால் பரணும் அந்த உச்சிக்கு உயரும். 1957-இல் வெளிவந்த 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' என்ற அவருடைய புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம், பறவையின் அழகை வியப்பதற்கு முன் பரணின் செலவைக் கணக்கிடுவது கிராணி குடும்பத்தில் பிறந்தவனுக்கு நேரும் துர்ப்பாக்கியம்.

மற்றொன்று மா. கிருஷ்ணன் மார்க்கம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வராகிய இவர் (1912–1996), கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் சாகும்வரை நாற்பத்தாறு வருஷம் இயற்கையைப் பற்றி எழுதியவர். கடையில் விற்கிற காமிரா எதுவும் திருப்தி தராமையால், ஒன்றின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் தம் கைவேலையையும் கூட்டி ஒரு யந்திரத்தைத் தாமே நிர்மாணித்து, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று நாமகரணமும் செய்துவைத்தார். வர்ணப் படத்தை மதியாமல் கறுப்பு வெள்ளையிலேயே நின்று, பழக்கிய யானையின் முதுகில் ஏறிக்கொண்டு காட்டு யானையின் அருகே போய்ப் படம் பிடித்தார். பரணே எழுந்து நடந்து போகிற ஏற்பாடு என்று இதை வர்ணிக்கலாம்.

எனக்குப் பரண் கட்டப் பணமில்லை; யானையேற முழங்கால் சம்மதிப்பதில்லை. ஆகவே 55 வயதில் ஊழியர் சேமநிதி கைக்கு வந்தவுடன், மூன்றாவதாகிய சோம்பேறி மார்க்கத்தைத் தழுவி, ஒருவர் வைத்துக் கழித்த 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். கனம் ஐந்து கிலோவுக்கு மேல். என் மனைவி அதை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம பேரன் பொறந்தப்போ இதுல பாதிதான் இருந்தான்" என்று கீழே வைத்தவள், பிறகு தொட்டதில்லை. இத்தகைய லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவதோடு நில்லாமல் நம் கை நடுக்கத்தையும் அதே விகிதத்தில் பெரிதாக்கிவிடுகிறபடியால், வினாடியில் அறுநூறில் ஒரு பாகத்துக்கு மேல் அதன் கண் திறந்திருக்கலாகாது என்பது பழைய விதி. அந்தி வெளிச்சத்தில் அந்த விதி செல்லாதாகையால், முக்காலியும் வாங்க வேண்டியதாயிற்று. நம் புழுக்கத்துக்குக் கண்ணாடிக்குள் பூஞ்சணம் படராதிருக்க, அப்பா யாஷிகாவை வறுத்த அரிசியோடு மைலோ டின்னில் அடைத்து வைப்பார். இதற்கு அந்த முறையைக் கையாண்டிருந்தால் வீட்டில் உலை வைக்க அரிசி மிஞ்சியிராது.

மூடா நெல்வயலில் சில ஆண்டுகளாகக் கூட்டங் கூட்டமாக இறங்கும் நத்தைகுத்தி நாரைகளை, ஒரு நடுப்பகலில், வரப்பிலிருந்து அசையாமல் எடுத்தேன். படத்தில் நாரைகள் கொதிக்கிற கஞ்சியில் நிற்பவை போலக் குழைந்து தெரிந்தன. தூரத்தைத் தாண்ட லென்ஸால் முடியும், அந்தத் தூரம் நெடுகத் தகிக்கிற காற்றைத் தாண்ட முடியாது என்ற ஞானம், சேமநிதி செலவான பிறகே உதித்தது.

சென்ற வருஷம் கூகையைப் பிடிக்கும் உத்தேசத்துடன் கூலிம் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். எலியை ஒழிக்கக் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றுவது நம் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். பெர்மிட்டும் சம்பளமும் கேளாமல் இரவு வேலைக்கு இசைந்த தொழிலாளி அது ஒன்றே. லயத்தின் கோடியில், பெட்டிக்கு நேரே முக்காலியை ஊன்றி, லென்ஸை ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் ஆழ்ந்தேன். மோட்டார் சைக்கிளில் போன பையன் ஒருவன் நிறுத்தி, "அளக்க வந்திருக்கீங்களா, ஐயா?" என்றான். பறவை கலைந்துவிடுமே என்று நான் வாய் திறக்கவில்லை. என் மௌனம் சம்மதமாகிவிட்டது.

லயத்து ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு. முதலில் மூன்று கால் வரும். பிறகு சிவப்புத் துணி கட்டிய முளை வரும். பிறகு கடிதம் வரும். கடைசியில் லோரி வரும். பக்கத்துத் தோட்டம் வீடமைப்புத் தாமானாக மாறியது இந்த வரிசையில்தான். அரை மணியில் ஒரு நாற்காலியும், ஒரு குவளைக் காப்பியும், பிஸ்கட்டும், அவற்றின் பின்னே கோயில் தலைவரும் வந்து சேர்ந்தார்கள். "ரோடு எந்தப் பக்கமா போகுதுங்க, ஐயா? முனீஸ்வரரை விட்டுட்டுக் கொஞ்சம் வளைச்சுக்க முடியாதுங்களா?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த விநயம், என்னைச் சற்று நேரம் கலெக்டராகவே உணரச் செய்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கூகைக்காக வந்தேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. முந்திய நாள் எடுத்த கூகைப் படங்களைக் காமிராவின் முதுகில் ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகு, கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்தக் கணத்திலிருந்து நான் 'ஐயா' பதவியை இழந்து 'தம்பி'யானேன். இரண்டாவது காப்பி வரவில்லை.

எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி மாத்திரம் போகவில்லை. "அதையா பிடிக்க வந்தே? மலாய்க்காரவங்ககூட அதைப் பேய்க்குருவின்னுதான் சொல்றாங்க. என்னைப் பிடி. வூடும் தெரியணும், வாசலும் தெரியணும். பேரன் ஜொகூர்ல இருக்கான், அனுப்பணும்" என்றாள். கைப்பேசியில் எடுக்கலாம் என்றேன். "ஃபோன்ல எவன் வேணா எடுப்பான், அந்தப் பெரிசுல எடு" என்று, கதவோரம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

கண்ணை வைத்தேன். அவள் மூக்குத்தி தெரிந்தது. பத்தடி பின்னால் போனேன்; மூக்கு தெரிந்தது. இந்த லென்ஸில் ஓர் ஆளையும் ஒரு வாசலையும் அடக்க முப்பத்தைந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஐந்து கிலோவையும் முக்காலியையும் மார்போடு அணைத்துக்கொண்டு, பாதையைக் கடந்து, அல்லூரைத் தாண்டி, முனீஸ்வரர் சூலத்தில் இடித்துக்கொள்ளாமல் திரும்பி, பூப்பந்து மைதானத்தை நோக்கிப் பின்புறமாகவே நடந்துகொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கூகை பெட்டியை விட்டு என் தலைக்கு மேலே பறந்து போயிற்றென்று பையன்கள் பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் வாசலிலிருந்து பாட்டி போட்ட சத்தம் ஒன்றே:

"ஏம்பா தூரமா தூரமா போறே? கிட்ட வந்து எடு! நான் என்ன பறந்தா போயிடப் போறேன்?"