கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு கருணை மனு

அனுப்புநர்: சேது எஃப்சி ரசிகன் ஒருவன், தெற்குவாசல், மதுரை.

பெறுநர்: தலைவர், அகில இந்திய கால்பந்து சம்மேளனம், ஃபுட்பால் ஹவுஸ், துவாரகா, புதுடெல்லி.

பொருள்: இந்திய மகளிர் லீக் – அடுத்த சீசனின் தேதியும் ஊரும் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வாக்கியப் பஞ்சாங்கம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தோற்றுப்போவதற்குப் பயந்தவன் இல்லை நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற ஊர் ரசிகனுக்குச் சீசன் நெருங்கினால் வயிற்றைக் கலக்கும். எனக்குச் சீசன் நெருங்குகிறதா விலகுகிறதா என்றே தெரியாததால் வருஷம் பூராவும் கலக்குகிறது. டாக்டர் இதற்கு வாயு என்று பெயர் வைத்திருக்கிறார். வீட்டில் வேறு பெயர்.

எங்கள் அணியைப் பற்றித் தங்கள் கோப்பில் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ரோட்டில் போனால், சீமைக்கருவேலம் மண்டிய வெட்டவெளிக்கு நடுவே, காரியாபட்டிப் பக்கம் புல்லூரில் சேது பொறியியல் கல்லூரி வரும். அந்தக் கல்லூரிக்காரர்கள் 2016-ல் ஆரம்பித்த பெண்கள் அணிதான் சேது எஃப்சி. பொறியியல் கல்லூரி நடத்துகிறவர்கள் அடுத்து ஒரு பாலிடெக்னிக் ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் கல்யாண மண்டபம் கட்டுவார்கள். இவர்கள் பந்தை எடுத்தார்கள். மூன்றே வருஷத்தில், 2019 மே மாதம், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். மகளிர் லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் எங்கே நடந்தது? லூதியானாவில். மதுரை அணி, மணிப்பூர் அணி, பஞ்சாப் மைதானம், அக்கினி நட்சத்திர மாதம். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட யாரும் உழைத்ததில்லை. மே 5-ல் தொடங்கிய லீக் 22-ல் முடிந்துவிட்டது. கல்யாணமான பெண்ணுக்குத் தாலி பிரித்துக் கோர்ப்பதற்குள் ஒரு தேசிய சீசனையே ஆரம்பித்து முடித்த தங்கள் சுறுசுறுப்பை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

2022-ல் புவனேஸ்வரம். ஆடிய பத்து ஆட்டத்திலும் எங்கள் பிள்ளைகளுக்கே வெற்றி. கோகுலம் கேரளாவும் அப்படியே. மே 26-ல் கடைசி ஆட்டம், இரண்டு அணிகளும் நேருக்கு நேர். மூன்றாவது நிமிஷத்திலேயே நாங்கள் கோல் போட்டோம். நான் எழுந்து ஜிகர்தண்டா வாங்கப் போனேன். அதுதான் செய்த தப்பு. 3-1 என்று கோகுலம் கோப்பையைக் கொண்டுபோனது.

மூன்று மாதம் அந்த வருத்தம் இருந்தது. ஆகஸ்டில் தாங்கள்தான் தீர்த்து வைத்தீர்கள். ஆசிய கிளப் போட்டிக்காகக் கோகுலம் பெண்கள் தாஷ்கண்ட்டில் போய் இறங்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து, வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா தங்களைத் தடை செய்கிறது. தடை அந்த மாதமே நீங்கிவிட்டது. போட்டி மட்டும் காத்திருக்கவில்லை. இந்திய சாம்பியன்கள் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்பினார்கள். ஜெயித்திருந்தால் அந்த விமானத்தில் எங்கள் பிள்ளைகள் போயிருப்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாம் இடத்துக்கு நன்றி சொன்னேன்.

ஆண்கள் பாடு இன்னும் விசேஷம். 2025-ல் ஐஎஸ்எல் உரிமைக்கு டெண்டர் விட்டீர்கள். ஒரு ஆள் வரவில்லை. ஐயா, எங்கள் ஊரில் சைக்கிள் ஸ்டாண்டு டெண்டர் என்றால்கூடப் பெட்டியைச் சுற்றி நாலு ஸ்கார்பியோ நிற்கும், போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியிருக்கும். நூற்று நாற்பது கோடி ஜனம் உள்ள நாட்டின் முதன்மை லீக்குக்கு ஒருத்தரும் உறை போடவில்லை என்று படித்தபோது, சென்னையின் எஃப்சி சட்டை போட்டுத் திரியும் என் தம்பிக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. தாங்கள் அந்தக் காலத்தில் பெரிய கோல்கீப்பர் என்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, எதுவும் உள்ளே வரமாட்டேன் என்கிறது.

நான் நன்றி கெட்டவன் இல்லை. 2023-24-ல் மகளிர் லீக்கின் 7 அணிகளுக்கும் ஆளுக்கு 12 ஆட்டம் என்று சொந்த ஊரிலும் எதிரி ஊரிலும் ஆட வைத்தீர்கள். லீக் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பேரன் பேத்திகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

மிச்சிகனில் அக்கா மகன் இருக்கிறான். அங்கே கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் கட்டியிருக்கிறார்களாம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குப் பெயர் ஃபுட்பால். அது அவர்கள் பாடு. எந்தச் சனிக்கிழமை யாரோடு ஆட்டம் என்பதை வருஷக்கணக்கில் முன்னாலேயே எழுதி வைத்துவிடுகிறார்களாம். சீசனுக்கு முன்னால் அவனும் நகம் கடிக்கிறான். ஜெயிப்போமா என்று கடிக்கிறான். எனக்கு அந்த நகத்தைக் கடிக்கக் கொடுத்து வைக்கவில்லை. நான் இன்னும் நடக்குமா என்கிற நகத்திலேயே இருக்கிறேன்.

மதுரைக்காரனுக்குத் தேதி முக்கியம், ஐயா. தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர், மாட்டுக்கே தெரியும். வைகையில் தண்ணீர் இல்லை என்று அழகர் என்றைக்கும் தேதியைத் தள்ளிப்போட்டதில்லை. ஸ்பான்சர் வரட்டும் என்று மீனாட்சி கல்யாணம் நின்றதில்லை. 2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைகூடச் சொன்ன நாளில் எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்து ஆடிவிட்டுப் போனது. அதே ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கப் போகும்போது, பந்து உருட்டும் பெண் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சாயங்காலம் டியூஷன், அடுத்த மாதம் செமஸ்டர். அண்ணே, லீக் எப்போ என்று என்னைக் கேட்கிறார்கள். தங்களைக் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே இத்துடன் தினசரி காலண்டர் ஒன்றை இணைத்திருக்கிறேன். சிவகாசிச் சரக்கு, அவர்கள் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்து மாதிரிகளை வெளியிட்டுவிடுவார்கள். இதில் ஏதாவது ஒரு தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினால் போதும். ராகு காலம், எமகண்டம், கரிநாள் எதுவாயினும் சம்மதம். ஊர் பெயரையும் பக்கத்தில் எழுதினால், ரயில் டிக்கெட்டுக்கு இப்போதே வெயிட்டிங் லிஸ்ட்டில் சேர்ந்துகொள்வேன்.

இப்படிக்கு,
வயிற்றுக் கலக்கத்துடன்,
தங்கள் உண்மையுள்ள ரசிகன்.

இணைப்பு: காலண்டர் 1, சிவப்புப் பேனா 1.