விரல் காயத்துக்குப் போர்க்களப் பொடியா?

கேள்வி: காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால், ரத்தத்தை உறையவைக்கும் பொடியைத் தூவலாமா?

பதில்: பொடி டப்பாவை நீங்கள் தேடி எடுப்பதற்குள் ரத்தத் தட்டணுக்கள் பாதி வேலையை முடித்திருக்கும். சுத்தமான துணியால் 10 நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள், போதும். பொடி வேலை செய்யாது என்று சொல்லவில்லை. ஈராக் போரில் அமெரிக்கப் படையினர் கொண்டுபோன 'குவிக்கிளாட்' என்ற பொடியின் ஜியோலைட் கனிமத் துகள்கள், ரத்தத்தின் நீரை உறிஞ்சி அதை உறையவைத்தன. உறிஞ்சும்போதே சூடேறிச் சிலருக்குத் தசையையும் சுட்டுவிட்டன. அதனால்தான் 2008-இல் கயோலின் என்ற களிமண் ஏற்றிய துணிக்கு மாறினார்கள். "இப்போதைய பொடிகள் சுடுவதில்லையே?" என்பீர்கள். பல சுடுவதில்லைதான். ஆனால் கழுவாத காயத்தில் தூவினால் அழுக்கும் உள்ளேயே தங்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கொஞ்சநேரம் அழுத்த வேண்டும்; நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.