கேள்வி - பதில்: குறைந்த பீஸை யார் எண்ணுவது?

கே: எம்.எஸ். (மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸ்) என்பது வயதானவர்களுக்கு வரும் வாதம்தானே?
- செக்கிங் தொழிலாளி, அனுப்பர்பாளையம்

ப: இல்லை. ஓவர்லாக் மெஷினில் கை பறக்கும் வயதில், பெரும்பாலும் 20 முதல் 40-க்குள் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கும் மேல். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்குகிறது. அரசு ஏட்டில் இதன் பெயர் தண்டுவட மரப்பு நோய்.

கே: எம்.எஸ். உள்ள என் மனைவிக்கு அயர்னிங் டேபிளில் நின்றால் கண் மங்குகிறது, கால் துவள்கிறது. சற்று ஆறினால் சரியாகிறது. சூப்பர்வைசர் நடிப்பு என்கிறார்.
- வாசகர், பல்லடம்

ப: நடிப்பே அல்ல. உடல் சூடானால் அறிகுறி கூடும், குளிர்ந்தால் தணியும். உடல் உழைப்பால் இந்நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தாஃப் 1890-லேயே பதிவு செய்துவிட்டார். ஃபேன் காற்று படும் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கேளுங்கள். கொடுப்பதால் கம்பெனிக்கு நஷ்டமில்லை.

கே: ஆராய்ச்சிப் பணம் மருந்துக்குப் போகட்டும். நோயாளி வீட்டு நிலவரத்தை ஆராய எதற்கு நிதி?
- கல்லூரி மாணவர், அவிநாசி

ப: மருந்து நரம்பைக் காக்கும், சம்பளத்தைக் காக்குமா தம்பி? மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழு எம்.எஸ். நோயாளிகளை எண்ணிப் பார்த்து, லட்சத்துக்குச் சுமார் 8 பேர் என்றது. 2021-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியில், டெல்லி எய்ம்ஸை மையமாக்கி, தேசியப் பதிவேடும் வந்தது. தலைகளை எண்ணுகிறோம், சரி. விட்டுப்போன ஷிப்ட், பாதியில் நின்ற மகளின் படிப்பு, தட்டிப்போன கல்யாணம்? கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) பணம் பெறும் ஆராய்ச்சியாக அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் என நான்கைத்தான் பெயர் சொல்கிறது. சமூக ஆய்வையும் சேர்க்க வேண்டும். அதற்குத் திருப்பூரைவிடத் தோதான ஊர் ஏது? இங்கே தொழிலாளி முடித்த பீஸை எண்ணிக் கூலி எழுதும் பீஸ் கணக்கு நோட்டிலேயே, குறையும் எண்ணிக்கையாக நோயின் போக்கு வாராவாரம் பதிவாகிறது. படித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

கே: வேலையை விட்டுத் தூக்கினால் சட்டம் காக்குமா?
- வாசகி, வீரபாண்டி

ப: அரசு ஊழியரைக் காக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். உண்டு. ஆனால் பணிநீக்கத்தைத் தடுக்கும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். பனியன் கம்பெனிக்கும் அது நீள வேண்டும். மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை ரூ.2,000-க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். பீஸ் கணக்கு நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். உங்கள் இழப்புக்கு அதுதான் சாட்சி.