தானாக முளைத்த தோட்டம்

நியூயார்க்கில் 1934இல் தூண்களின் மேல் ஓடத் தொடங்கிய சரக்கு ரயில் பாதை அது. கடைசி ரயில் 1980இல் உறைந்த வான்கோழிகளோடு போய்ச் சேர்ந்தது. பிறகு யாரும் சீண்டவில்லை. காற்றில் வந்த விதைகள் முளைத்துப் புல்லும் பூவுமாக மண்டின. அந்த அழகில் சொக்கியவர்கள், இடிக்கவிடாமல் போராடி ஜெயித்தார்கள்.

காப்பாற்றிய விதம்தான் விசேஷம். தானாக முளைத்த செடிகளை வேரோடு வாரிக் கொட்டினார்கள். அப்புறம் நிபுணரை அமர்த்தி, தானாக முளைத்ததுபோலவே தெரியும்படி புதுச்செடிகளை நட்டார்கள். 2009இல் ‘ஹை லைன்’ பூங்கா திறந்தது. நடக்கலாம், சைக்கிள் கூடாது.

சுற்றுவட்டார வீட்டு விலையும் எகிறிவிட்டது. ஆக, நடக்கக் கட்டணமில்லை. பக்கத்தில் குடியிருக்கத்தான் சொத்தை எழுதிவைக்க வேண்டும்.