மிக்சிங் தம்பி

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுபவர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் நாலு பேர் செல்போனிலும் 'மிக்சிங்' என்றுதான் பதிந்திருக்கிறது. கல்யாணம் முடிந்து, மொய் நோட்டைச் சரிபார்த்து, மறுவீடு அழைத்து, பெண்ணுக்கு மசக்கையே வந்துவிட்டிருக்கும். "வீடியோ என்னாச்சு தம்பி?" என்றால், "மிக்சிங்ல இருக்குண்ணே" என்பார்.

கீழே செல்போன் கடை, மேலே போகச் செங்குத்தான படி, அதற்கும் மேலே ஒரு இருட்டறை. ஏசி ஓடும், அது கம்ப்யூட்டருக்காக. அங்கே அவர் மூன்றே காரியங்களைத்தான் நாள் முழுக்கச் செய்கிறார். படத்தை நகர்த்துவார், பெருக்குவார், சாய்ப்பார். அவர் பாஷையில் பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன். வெளியே வந்தாலும் கை சும்மா இருக்காது. டீக்கடைக் காலண்டர் சாய்ந்து தொங்கினால் இவர் தலை எதிர்ப்பக்கம் சாயும். பந்தியில் வடையை இலையின் நடுவுக்குத் தள்ளிவிட்டுத்தான் சாம்பாருக்குக் கை காட்டுவார்.

படம் 720-க்கு 576 என்று சின்னதாக இருந்த காலத்து ஆள். அப்போது எடியஸ் என்ற மென்பொருளில் லேஅவுட்டரைத் திறந்து மணப்பெண்ணை ரோஜாவுக்குள் உட்கார வைத்தார். மாப்பிள்ளையைத் தாஜ்மகாலுக்கு மேலே பறக்கவிட்டார். ஒருமுறை, படம் எதைச் சுற்றித் திரும்புமோ அந்த ஆங்கர் பாயிண்டை நடுவில் வைக்க மறந்து மூலையில் விட்டுவிட்டார். ஜோடிப் படம் பம்பரமாகச் சுற்றுவதற்குப் பதில், மாப்பிள்ளையின் செருப்பைக் கீலாக வைத்துக் கதவு மாதிரி ஆடியது. அடுத்த முகூர்த்தத்துக்கு வந்தவர்கள், "அந்தக் கதவு எஃபெக்ட் எங்களுக்கும் வேணும்" என்று அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

இப்போது யாரும் பறக்க விரும்புவதில்லை. எல்லாரும் 'சினிமாட்டிக்' கேட்கிறார்கள். பிரீமியர் புரோவில் வேலை. ஆனால் அந்த மூன்று காரியங்களிலும் இப்போதுதான் உண்மையான ஆபத்து இருக்கிறது என்பது, அக்கா மகள் கல்யாண வீடியோவுக்காக அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்தபோது தெரிந்தது.

முதலில் அமெரிக்காவிலிருந்து ஒரு சித்தப்பா அனுப்பிய வாழ்த்து. செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. 56 சதவீதத்துக்குச் சுருக்கினால் தலை முதல் கால் வரை நிற்கிறார். இரண்டு பக்கமும் கறுப்பு. "துக்க வீடு மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. அதே சித்தப்பாவை 178-க்கு ஊதி, மங்கலாக்கி, அவருக்குப் பின்னாலேயே திரைச்சீலையாகக் கட்டினார் தம்பி. அக்காவுக்குத் திருப்தி.

பிறகு தாலி கட்டும் காட்சி. அதில் மண்டபமே சாய்ந்திருந்தது.

"கேமராமேன் முதல் பந்தியிலயே சாப்பிட்டுட்டார்ண்ணே. தோள் இறங்கிடுச்சு."

ரொட்டேஷனில் 3 டிகிரி கொடுத்தார். தூண் நிமிர்ந்தது; நாலு மூலையிலும் கறுப்பு முக்கோணம் எட்டிப் பார்த்தது. அதை மறைக்க ஸ்கேலை 110 ஆக்கினார். முக்கோணம் போயிற்று. கூடவே வலது ஓரத்தில் நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பாவும் போய்விட்டார்.

ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்தப் பெரியப்பா பந்தியில் அப்பளம் உடைந்திருந்ததற்கே எழுந்து போனவர்.

"மண்டபம் கோணலா இருந்தா பரவால்ல, பெரியப்பா வேணும்" என்றாள் அக்கா.

தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மண்டபமும் கோணக்கூடாது, அவரும் கோணக்கூடாது. அவ்ளோதானேக்கா?" ஸ்கேல் 120-க்கு ஏறியது. பொசிஷனில் 960 என்று இருந்ததைப் பிடித்து 800 வரை இழுத்தார். படம் இடது பக்கம் நகர, வலது ஓரத்திலிருந்து பெரியப்பா மெல்ல உள்ளே வந்தார், துண்டு முதலில், மீசை அப்புறம். எனக்கே கை தட்டத் தோன்றியது.

எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு எத்தனை நொடி கொடுத்தால் வாய் அடங்கும் என்பதெல்லாம் கல்யாணத் தரகரைவிடத் தம்பிக்கு அதிகம் தெரியும். பேசாத இரண்டு நாத்தனார்கள் ஒரே சட்டத்துக்குள் நின்றால், சத்தமில்லாமல் ஒருத்தியை வெளியே தள்ளுவார். இரண்டு பக்கமும் நிம்மதி.

போன வாரம் பென் டிரைவ் வந்தது. சம்பந்தி வீட்டார் முன்னிலையில் போட்டோம். மேளம் கொட்டுகிறது, அட்சதை விழுகிறது, பெரியப்பா முழு உருவமாக ஜொலிக்கிறார். இடது ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு முழங்கை மட்டும் அசைகிறது.

தாய்மாமன் நான்தான். போன் போட்டேன்.

"தெரியும்ண்ணே. நீங்க பொண்ணு வீடு. நீங்க கோவிச்சுக்கிட்டா அக்கா சமாதானப்படுத்திடுவாங்க."