மரைக்கு யாரு பேரு போடுறது?

வாடா பேராண்டி, ஒக்காரு. ஹோட்டன் பிளேன்ஸ் போயிட்டு வந்தியாமே. "அம்புட்டு எடம் சும்மா கெடக்கு, மரம் நட்டா காடாயிரும்"னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியாம். 1834-ல ஏறிப்போன வெள்ளைக்காரனுங்க சும்மா கெடக்குதுன்னு கவர்னர் ஹோட்டன் தொரை பேர வச்சானுங்க. 1960-கள்ல நம்மாளுங்க சும்மா கெடக்குதுன்னு விதைக் கெழங்கு போட்டாங்க. நீ மூணாவது ஆளு. வரிசையில நில்லு.

சும்மா கெடக்கலடா. ஏறக்கொறைய ஏழாயிரம் அடி ஒசரம். ஈரம், தை மாசிப் பனி, எப்பவோ புடிச்ச நெருப்பு, எல்லாம் சேந்து வச்சிருக்க பத்தனைப் புல்வெளி அது. அதுல பொழுது சாஞ்சா மரை மான் எறங்கும். புல்லக் கட்டையா மேயும், காட்டோரத்துல தலை நீட்டுற கன்னையும் கடிச்சுரும். கவ்வாத்து வெட்டாத தேயிலை என்னாகும்? மரமாயிரும்ல? அந்த வேலையத்தான் மரையும் பாக்குது. பெரட்டுக்கு வாரதில்ல, அரைப்பேரு போட்டுட்டாங்கன்னு சண்டை இல்ல, சங்கத்துக்குச் சந்தாவும் கெடையாது. கங்காணி வேலைக்குச் சிறுத்தை இருக்கு.

வெள்ளைக்கார வேட்டைக்காரன் பேக்கர் தொரை காலத்துல மரைய நாய விட்டு வெரட்டி வேட்டையாடினாங்க. 1969-ல காப்பகமாக்கி, 1988-ல தேசியப் பூங்காவாக்கின பொறகுதான் மரைக்கு மூச்சு வந்துச்சு. ரொம்பப் பெருகுனாலும் தொல்லைதான். மரம் பட்டுப்போன காட்டுல நட்ட கன்னையும் தின்னுரும், வேலி போட்டாத்தான் தப்பும். அந்தக் கணக்க வனசீவராசிகள் திணைக்களம் பாத்துக்கும். நீ பாக்க வேணாம், கணக்குல நீ வாங்குன மார்க்கு எனக்குத் தெரியும்.

ஆக்ரா ஓயா அங்கருந்து எறங்கித்தான் நம்ம கொத்மலை ஓயாவுல சேருது. பத்தனைக் கருமண்ணு குடிச்சு வச்ச தண்ணியும் சேந்துதான் 1985-ல கட்டி முடிச்ச கொத்மலை அணையில கெடக்கு, கரண்டாகுது. அதுல போனுக்குச் சார்ஜு ஏத்திக்கிட்டு அதே போன்ல "சும்மா கெடக்கு"ன்னு பேசுற பாரு, அதுக்கு ஒரு தனித் தெறமை வேணும்.

கை அரிச்சா, வெள்ளைக்காரன் கொண்டாந்த அந்த மஞ்சப்பூ முள்ளுச்செடி மேல பரவிக் கெடக்கு, அதப் புடுங்குற கூட்டத்தோட போ. கன்னு வாங்கித் தொலைச்சிட்டியா? லயத்துக்குப் பின்னால மண்ணு சரியுற பள்ளத்துல நடு.

அப்புறம், மரைக்குப் பிஸ்கோத்து குடுத்துப் போட்டோ புடிச்சியாம். பொலித்தீன் தின்னு செத்த மரை உண்டு. அதனாலதான் வாசல்லயே பையத் தொறந்து உறையப் புடுங்குறாங்க. நீ எப்புடி ஒளிச்சுக் கொண்டு போனேன்னு கேக்க மாட்டேன், ஒங்கப்பன் மகன்தானே. மீதிப் பாக்கெட்ட எடு இப்பிடி. மரைக்குத்தான் ஆகாது, எனக்கு ஆகும். சீனி வருத்தம் இருக்குன்னு ஒங்க ஆத்தாகிட்டப் போட்டுக் குடுத்துராத.