துண்டு போட்ட விலை

ஏன் மாப்ளே, மூஞ்சி இப்படித் தொங்குது? சிறுசேரில ஏசி ரூம்ல உக்காந்து, நடு ராத்திரி அமெரிக்காக்காரன் கேக்குற கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்ற ஆளு நீ. ஜிஎஸ்டி ரோட்டுக் கார் ஷோரூம்ல கழுத்துல டை மாட்டின பொடிப்பயகிட்ட "இந்த வண்டி ரோட்டுக்கு வர மொத்தம் எவ்ளோப்பா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்காம வந்து நிக்கிறே. உங்கம்மா என்னடான்னா எம்புள்ள என்ஜினீயருன்னு சேலையூர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சுகிட்டுத் திரியுது.

உக்காரு. மோர் குடி.

போன்ல விலை கேட்டியாமே? நல்லா கேட்ட போ. நீ நம்பரைக் குடுத்த நிமிஷத்துலேர்ந்து குரோம்பேட்டைலேர்ந்து ஒருத்தன், பல்லாவரத்துலேர்ந்து ஒருத்தன், மேடவாக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணுன்னு மாத்தி மாத்திக் கூப்புடுவாங்க. என்ன கலரு சார், பழைய வண்டி இருக்கா சார், டெஸ்ட் டிரைவுக்கு வண்டிய வீட்டுக்கே எடுத்துட்டு வரவா சார். எல்லாம் கேப்பாங்க. விலைன்னு நீ வாயத் தொறந்தா மட்டும் "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்." நேர்ல போனா "முதல்ல புக் பண்ணுங்க சார், பெஸ்ட் பிரைஸ் வாங்கித் தர்றேன்." வாங்கித் தர்றானாம்! விக்கிறவனே அவன்தான், அப்புறம் யார்கிட்டேர்ந்து வாங்கித் தருவான்? கண்ணாடி ரூமுக்குள்ள ஒருத்தர் உக்காந்திருப்பாரே, அவர்கிட்டேர்ந்து. சரி, வாட்ஸ்அப்புலயாவது அனுப்புப்பான்னா ஒரு போட்டோ வரும், அதுல கீழ்ப்பாதி வெட்டிப் போயிருக்கும். மொத்தத் தொகை எங்க இருக்குங்கிறே? அந்தக் கீழ்ப்பாதிலதான்.

நான் பொய்கைச் சந்தையில மாடு புடிச்சவன்டா. செவ்வாக்கிழமை சந்தை. அங்க தரகன் கை மேல துண்டைப் போட்டு, உள்ளுக்குள்ள விரலைப் புடிச்சுதான் விலை பேசுவான். சுத்தி நிக்கிறவன் எவனுக்கும் தெரியாது. ஆனா கையக் குடுத்தவனுக்குத் தன் நம்பர் என்னன்னு தெரியும். ஊர் கண்ணுக்கு மறைக்கத்தான் அந்தத் துண்டு. இங்க அந்தத் துண்டை வாங்க வந்தவன் தலையிலேயே போட்டு அனுப்பிடறானுங்க. நீ கழுத்துல அடையாள அட்டையோட, தலையில துண்டோட தாம்பரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடந்து வர்றே.

எங்க காலத்துல இந்தக் கூத்தே கிடையாது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு கார் செஞ்சுகிட்டிருந்தான். காரோ ஸ்கூட்டரோ, பணத்தைக் கட்டிப் பதிஞ்சு வெச்சுட்டு வருஷக்கணக்கா காத்துக் கெடக்கணும். பேரம் பேசுனா டீலரே எழுந்து போயிடுவான். இன்னிக்குக் கார் செய்யுற இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் கூப்பிடு தூரத்துல இருக்கு. வண்டி ஒளிஞ்சிருந்த காலம் போச்சு, இப்ப விலை ஒளிஞ்சிருக்கு.

அந்தப் பயலை ரொம்பவும் திட்டாதே, பாவம். அவன் வாயால சொல்றதை ஏன் எழுதித் தர மாட்டேங்கிறான்னு என்னிக்காவது யோசிச்சியா? 2021 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகி கம்பெனிக்கு 200 கோடி ரூபா அபராதம் போட்டுது. எதுக்கு? கம்பெனி சொன்ன அளவுக்கு மேல டீலருங்க தள்ளுபடி குடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு வெச்சதுக்கு. அதைக் கண்காணிச்ச விதம் இருக்கே, அதுதான் வேடிக்கை. வாடிக்கையாளர் மாதிரி வேஷம் போட்டு ஆளுங்களை ஷோரூமுக்கு அனுப்புவாங்களாம். அந்த ஆளு உன்னை மாதிரியே மூஞ்சியை அப்பாவியா வெச்சுகிட்டு "இன்னும் கொஞ்சம் கொறைங்களேன் தம்பி"ன்னு கெஞ்சுவான், பேசறதை ரகசியமா பதிவு பண்ணிக்குவான். பய இரக்கப்பட்டுக் கொறைச்சா தீர்ந்தது கதை. டீலருக்கு மட்டும் அபராதம் இல்ல மாப்ளே, அந்தச் சேல்ஸ் பயலுக்கு, அவன் டீம் லீடருக்கு, ஷோரூம் மேனேஜருக்குன்னு தனித்தனியா அபராதமாம். ஆணையத்தோட உத்தரவுலயே இதெல்லாம் இருக்கு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி 2017-ல இதே மாதிரி விவகாரத்துல ஹூண்டாய்க்கு 87 கோடி போட்டாங்க, அடுத்த வருஷமே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து பண்ணிடுச்சு. யார் பக்கம் நியாயம்னு கோர்ட்டு பாத்துக்கட்டும். எனக்கு அந்த வேஷக்காரன்தான் கண்ணுல நிக்கிறான். நீ பாட்டுக்கு நோட்டு, பேனா, பத்துக் கேள்வின்னு போயி உக்காந்திருக்கே. அந்தச் சேல்ஸ் பய உன்னைப் பாத்து "இவன் ஒற்றனோ"ன்னு நடுங்கியிருப்பான்டா!

எனக்கெப்படி இதெல்லாம் தெரியும்னு முறைக்காதே. நீ போனைத் தடவுற நேரத்துல நான் பேப்பர் படிக்கிறேன்.

அதுவும் ஆபீஸ் லீஸ்ல எடுக்கப் போறேன்னு வேற சொல்லியிருக்கே. அதைக் கேட்டதும் அவன் காப்பி கொண்டு வரச் சொன்னதையே நிறுத்தியிருப்பானே? பின்னே? லோன் போட்டா பேங்க்லேர்ந்து அவங்களுக்கு ஏதோ கெடைக்கும், இன்சூரன்ஸ் போட்டா அதுல கெடைக்கும். லீஸுன்னா பணத்தையும் இன்சூரன்ஸையும் லீஸ் கம்பெனியே பாத்துக்கும். அவனுக்கு வெறும் வண்டி வித்த கணக்கு மட்டும்தான். உன் மேல என்ன பாசம் வரும்? அதான் நீ கேட்ட கேள்விக்கு "லீஸ் கம்பெனியைக் கேளுங்க சார்"னு கழண்டுகிட்டான். லீஸ் கம்பெனிக்காரன் "உங்க ஹெச்ஆரைக் கேளுங்க"ன்னான். ஹெச்ஆர் அம்மா "போர்ட்டல்ல இருக்கு"ன்னுது. போர்ட்டல்ல என்ன இருக்கு? "டீலரைத் தொடர்பு கொள்ளவும்."

நான் சொல்றதைக் கேளு. வாடகையை எந்தத் தொகை மேல கணக்குப் போடுறாங்கங்கிறதுதான் முழு விஷயமும். லீஸ் கம்பெனி பேர்ல ஷோரூம்காரன் ஒரு புரோஃபார்மா இன்வாய்ஸ் குடுப்பான் பாரு, அதுல இருக்குற தொகை. உனக்குத் தர்ற தள்ளுபடி அந்தக் காகிதத்துல கழிஞ்சிருக்கணும். "சீட் கவர் ஃப்ரீ, மேட் ஃப்ரீ, துருப் புடிக்காம இருக்க அடியில கோட்டிங் ஃப்ரீ"ன்னு குடுத்தான்னா, உன் மாச வாடகை நாலணா கொறையாது. ஓசி சீட் கவர்ல உக்காந்து முழு விலைக்கு வாடகை கட்டுவே.

அப்புறம் இன்னொண்ணு. மூணோ நாலோ வருஷம் முடிஞ்சதும் வண்டியை நீ எடுத்துக்கணும்னா எவ்ளோ கட்டணும், அதை இப்பவே எழுத்துல வாங்கு. அதைவிட முக்கியம், நடுவுல வேலையை விட்டா என்ன ஆகும்? வண்டி லீஸ் கம்பெனி பேர்ல இருக்கும், மீதி வாடகை உன் தலைமேல இருக்கும். புது ஆபீஸ் அந்த லீஸை எடுத்துக்குமா எடுத்துக்காதா? ரெண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி தாவுற பய நீ. நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறேங்கிறே. உன் கல்யாணப் பேச்சுலகூட நீ இவ்ளோ துணிச்சல் காட்டலியேடா.

லீஸ் வேணாம், சொந்தமா லோன்லயே எடுக்கறேன்னு மனசு மாறுனா, அங்கயும் ஒரு கேள்வி காத்திருக்கு. "மாசம் எவ்ளோ கட்ட முடியும் சார்?" இதுக்கு மட்டும் பதில் சொல்லிடாதே. சொன்னியோ, விலையைப் பத்துன பேச்சு அத்தோட செத்துது. 8 லட்சம் கடன், 9 சதவீதம் வட்டின்னு வெச்சுக்க. 5 வருஷத்துக்கு மாசம் 16,600 ரூபா சொச்சம். முடியாதுங்கிறே. அவன் கால்குலேட்டரைத் தட்டி "உங்களுக்காக 12,900 ஆக்கிட்டேன் சார்"ம்பான். உனக்குக் கண்ணு கலங்கும். அவன் பண்ணதெல்லாம் 5 வருஷத்தை 7 ஆக்குனதுதான். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 85,000 ரூபா கூடுதல்.

அடுத்தது, "இன்னும் 40,000 தான் சார், டாப் மாடல் வந்துடும்." இங்கதான் தமிழ்நாட்டுக்காரன் முழிச்சுக்கணும். 2023 நவம்பர்ல நம்ம அரசாங்கம் சாலை வரியை ஏத்துச்சு. 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டுனா 18. 20 லட்சத்தைத் தாண்டுனா 20. 9,90,000 ரூபா வண்டிக்கு வரி 1,28,700. அவன் சொன்னான்னு 40,000 கூட்டி 10,30,000 ஆக்குனா வரி 1,85,400. அதுமட்டுமா, 10 லட்சத்தைத் தாண்டுன வண்டிக்கு வருமான வரி கணக்குல 1 சதவீதம் பிடிப்பாங்க, அது ஒரு 10,300. பின்னால கணக்குத் தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம்தான், ஆனா இப்ப உன் பையிலேர்ந்துதானே போகுது? ஆக 40,000 ரூபா ஆசைக்குப் பின்னாடி 67,000 ரூபா வால். அந்த வாலைப் பத்திப் பய மூச்சு விட மாட்டான். அது கவர்மென்ட்டு வரி, அவனுக்கென்ன வந்துது?

2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்னக் காருங்களுக்கு ஜிஎஸ்டியை 28-லேர்ந்து 18-ஆக் கொறைச்சாங்க, செஸ்ஸையும் எடுத்தாங்க. அது டெல்லில கொறைச்சது. ஷோரூம்ல எவனாவது அதையும் சேத்து "நாங்க தர்ற தள்ளுபடி"ன்னு சொன்னா சிரிச்சுகிட்டே கேட்டுக்க. பில்லுல ஹேண்ட்லிங் சார்ஜுன்னு எழுதியிருந்தா, வண்டியைக் கையில ஏந்திகிட்டு வந்தது யாருன்னு கேளு. நம்பர் பிளேட்டுல டிஎன் 11 வரப்போவுது, தாம்பரம் ஆர்டிஓ ஆபீஸு. வரி கட்டுன ரசீது கம்ப்யூட்டர்ல கெடைக்கும், அதுல இருக்குற தொகையும் பய எழுதுன தொகையும் ஒண்ணான்னு பாரு.

இன்சூரன்ஸை அவன்கிட்டத்தான் போடணும்னு சட்டம் இல்ல. வெளியில விலை கேட்டுட்டு வந்து அவன் முன்னாடி வெச்சுப் பாரு, அவனோட தொகை தானா இறங்கும். ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் வேணாம் வேணாம்னு வீராப்பா அடிச்சுடாதே. நீ குடியிருக்கிறது முடிச்சூர்ல. 2015 டிசம்பர்ல வரதராஜபுரம், முடிச்சூர் தெருவுல படகு ஓட்டுனாங்க, 2023-ல புயல் மழையிலயும் தண்ணி வந்துது. சாதாரணப் பாலிசியில தண்ணிக்குள்ள வண்டியை ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போனா, பைசா தேறாது. என்ஜினுக்குன்னு தனியா ஒரு பாதுகாப்பு விக்கிறான் பாரு, அதை மட்டும் வாங்கிக்க. மேல பூசுற பளபளப்பெல்லாம் மயிலாப்பூர்க்காரனுக்கு விக்கட்டும்.

எப்பப் போவணும்னு கேட்டா, ஊர்ல எல்லாரும் வாங்காத மாசத்துல போ. ஆடியில எவனும் வண்டி எடுக்க மாட்டான், ஷோரூம்ல ஈ ஓட்டுவானுங்க. மார்கழியும் அப்படித்தான், அதுல இன்னொரு சங்கதி, அது டிசம்பர். வருஷம் மாறுனா நிக்கிற வண்டி எல்லாத்துக்கும் ஒரு வயசு கூடிடும், மேனேஜருக்குத் தூக்கம் வராது. பேச்சை மார்கழியில முடிச்சுட்டு வண்டியைத் தையில எடு, உங்கம்மாவுக்கும் மனசு ஆறும். ஆனா போன வருஷத்து வண்டிக்கு இந்த வருஷத்து விலை குடுத்துடாதே. சேஸிஸ் நம்பர்ல தயாரான வருஷமும் மாசமும் ஒளிஞ்சிருக்கும், அதைப் படிச்சுக் காட்டச் சொல்லு. ஒரு கம்பெனி எழுத்துல வெச்சிருப்பான், ஒரு கம்பெனி நம்பர்ல. பய முழிச்சான்னா மேனேஜரே எழுந்து வெளிய வருவாரு. அந்தக் கண்ணாடி ரூம்லேர்ந்து அவரை வெளிய வரவழைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மாசக் கடைசியில, சாயங்காலமாப் போ. வண்டியைப் பத்திப் பேசாதே. பயகிட்ட எந்த ஊருப்பா, சாப்பிட்டியான்னு கேளு. மெதுவா "இந்த மாசம் டார்கெட்டுக்கு இன்னும் எத்தனை பாக்கி?"ன்னு கேளு. அவனை யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டாங்க, மனசு விட்டுச் சொல்லிடுவான். ரெண்டு வண்டின்னு சொன்னான்னா ஒண்ணு நீதான். அப்ப காகிதத்தை நீட்டி, எக்ஸ் ஷோரூம் எவ்ளோ, வரி எவ்ளோ, இன்சூரன்ஸ் எவ்ளோ, கழிவு எவ்ளோன்னு வரி வரியா எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தச் சொல்லு.

பேனாவும் நீயே கொண்டு போ மாப்ளே. அவன் பேனா அந்த நேரம் பாத்து எழுதாது.